குளிர் இணைவு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

குளிர் இணைவு பற்றிய காணொளி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் மாணவர்கள் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், எதில் பணம் போடலாம் என்று யோசிக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இணைவு நடக்கிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘போட்டதைவிட அதிக ஆற்றல் திரும்பக் கிடைக்கிறதா?’ என்பது வேறு கேள்வி. இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருகிறது.

1. குளிர் இணைவுன்னா என்ன? சாதாரண இணைவுல இருந்து அது எப்படி வேற?

இரண்டு லேசான அணுக்கருக்கள் சேர்ந்து கனமான ஒன்றாக மாறுவது அணுக்கரு இணைவு. சேரும்போது நிறையில் கொஞ்சம் குறையும், குறைந்தது ஆற்றலாக வெளிவரும். சூரியனுக்கு ஆற்றல் கிடைப்பது இப்படித்தான். ஆனால் அணுக்கருக்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுவிசையை மீறி நெருங்க வேண்டுமானால் அவை மிகுந்த வேகத்தில் மோத வேண்டும். துகள்களின் வேகம்தான் வெப்பம். சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி இருக்கிறது. அங்கே இருக்கும் அழுத்தம் பூமியில் நமக்குக் கிடைக்காது என்பதால் இங்கே கட்டும் உலைகளுக்கு 10 முதல் 15 கோடி டிகிரி வரை தேவைப்படுகிறது.

இந்த வெப்பம் எதுவும் இல்லாமல், மேசை மேல் வைத்த ஒரு கண்ணாடிக் கலத்தில், உலோகத்துக்குள் கன ஹைட்ரஜனைத் திணித்தே இணைவை நடத்திவிடலாம் என்ற கூற்றுதான் குளிர் இணைவு.

2. கல்பாக்கத்துல நடக்கறதும் இதுதானே சார்?

இல்லை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது அணுக்கருப் பிளவு. கனமான யுரேனிய அணுக்கரு உடைவதால் ஆற்றல் வருகிறது. இணைவு அதற்கு நேர் எதிரான வேலை.

ஒரு தொடர்பு மட்டும் உண்டு, அது கனநீர். சாதாரண ஹைட்ரஜன் கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். கூடவே ஒரு நியூட்ரானும் இருந்தால் அது டியூட்டிரியம், அதாவது கன ஹைட்ரஜன். இயற்கை நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் இப்படி. அதைச் செறிவாக்கி எடுத்தால் கனநீர். தூத்துக்குடியில் இதற்கென்றே ஆலை அமைத்தார்கள். கல்பாக்கத்தின் மின் உலைகளில் கனநீர், நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கப் பயன்படுகிறது. குளிர் இணைவுச் சோதனையில் அதே கனநீரில் உள்ள டியூட்டிரியம்தான் எரிபொருள்.

3. 1989-ல அப்படி என்னதான் நடந்துச்சு?

1989 மார்ச் 23. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் யூட்டா பல்கலைக்கழகம் பத்திரிகையாளர்களைக் கூட்டியது. வேதியியல் துறைத் தலைவர் ஸ்டான்லி பான்ஸும், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த மின்வேதியியலாளர் மார்ட்டின் ஃப்ளைஷ்மானும் அறை வெப்பநிலையில் நீடித்த இணைவு வினையை நடத்திவிட்டதாக அறிவித்தார்கள். ஃப்ளைஷ்மான் சாதாரண ஆள் இல்லை. ராயல் சொசைட்டி உறுப்பினர், தன் துறையில் உலகமே மதித்தவர். அதனால்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆய்வுக் கட்டுரை அச்சாகும் முன்பே பத்திரிகையாளர் கூட்டம் நடத்தியதற்குப் பின்னால் ஒரு போட்டி இருந்தது. அதே மாநிலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் ஏறக்குறைய இதே போன்ற சோதனையைச் செய்துகொண்டிருந்தார். இரண்டு தரப்பும் மார்ச் 24 அன்று சேர்ந்தே கட்டுரைகளை அனுப்புவது என்று பேசி வைத்திருந்தார்கள். யூட்டா அதற்கு முதல் நாளே அறிவித்துவிட்டது. காப்புரிமையும் முதல் இடமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அந்த அவசரம் பின்னால் நடந்த எல்லாவற்றையும் கெடுத்தது என்பது என் கருத்து. ஜோன்ஸ் சொன்னது மிகச் சில நியூட்ரான்கள் வருகின்றன என்று மட்டும்தான், ஆற்றல் கிடைக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. இரண்டும் ஒரே கண்டுபிடிப்பு போலச் செய்திகளில் கலந்துவிட்டன.

ஏப்ரல் 12 அன்று டல்லாஸில் சுமார் 7,000 வேதியியலாளர்கள் கூடிய கூட்டத்தில் பான்ஸுக்குக் கைத்தட்டல் கிடைத்தது. மே 1 அன்று பால்டிமோரில் இயற்பியலாளர்கள் கூடியபோது, கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த நேதன் லூயிஸும் ஸ்டீவன் கூனினும் அந்தக் கூற்றை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துப் போட்டார்கள். அறிவிப்புக்கும் சரிவுக்கும் நடுவே ஆறு வாரம்கூட இல்லை.

4. அந்த சோதனை ரொம்ப சிம்பிள்னு சொல்றாங்களே, வீட்லயே செய்யலாமா?

அமைப்பு எளிதுதான். கனநீரில் லித்தியம் சேர்மம் கொஞ்சம் கரைத்து, பல்லேடியம் கம்பியை எதிர்மின்முனையாகவும் பிளாட்டினம் கம்பியை நேர்மின்முனையாகவும் வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். பள்ளிக்கூடத்தில் தண்ணீரைப் பிரிக்கும் அதே மின்னாற்பகுப்பு. வெளிவரும் டியூட்டிரியம் பல்லேடியத்துக்குள் புகுந்துகொள்ளும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஓடவிட்டு, உள்ளே போன மின்சாரத்தைவிட அதிக வெப்பம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யாதீர்கள். டியூட்டிரியமும் ஆக்சிஜனும் ஒரே கலத்தில் சேர்ந்தால் வெடிக்கும். 1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் இப்படி ஒரு கலம் வெடித்து, அங்கே வேலை செய்த மின்வேதியியலாளர் ஒருவர் இறந்துபோனார். அது அணுக்கரு வெடிப்பு இல்லை, வெறும் வேதியியல். உயிர் போக அது போதும்.

5. ஏன் பல்லேடியம்? தங்கம், இரும்பெல்லாம் ஆகாதா?

பல்லேடியம் தன் கன அளவைப்போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜன் வாயுவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அணுக்களுக்கு நடுவே டியூட்டிரியம் இவ்வளவு நெருக்கமாக அடைந்தால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாதா என்பதுதான் ஆசை.

ஆனால் கணக்குப் போட்டால் ஆசை நிற்பதில்லை. சாதாரண டியூட்டிரிய வாயு மூலக்கூறில் இரண்டு கருக்களுக்கு நடுவே 0.074 நானோமீட்டர்தான் இடைவெளி. பல்லேடியத்துக்குள் அடைபட்ட டியூட்டிரியங்கள் அதைவிடத் தள்ளித்தான் இருக்கின்றன. வாயுவிலேயே நடக்காத இணைவு உலோகத்துக்குள் ஏன் நடக்கும்? அந்த வாயு மூலக்கூறில் இணைவு நடக்கும் வாய்ப்பைக் கூனினும் நவன்பர்க்கும் 1989-லேயே கணக்கிட்டார்கள். பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு ஜோடி சேர்வதற்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை என்று வந்தது.

6. நியூட்ரான் வரலைங்கிறதாலயே இணைவு இல்லைன்னு எப்படி அடிச்சு சொல்றாங்க?

இந்த விவாதத்தின் மையமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு டியூட்டிரியக் கருக்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது பல பத்தாண்டுகளாக அளந்து வைத்த விஷயம். ஏறக்குறையப் பாதித் தடவை ஹீலியம்-3-ம் ஒரு நியூட்ரானும் வரும். மறுபாதியில் ட்ரிட்டியமும் (இரண்டு நியூட்ரான் கொண்ட ஹைட்ரஜன்) ஒரு புரோட்டானும் வரும். ஒரு கோடியில் ஒரு தடவை என்ற அளவில்தான் ஹீலியம்-4 உருவாகி, 2.4 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றே குறைவான ஆற்றலுள்ள ஒரு காமா கதிரை வெளியிடும்.

இந்தக் கணக்குப்படி ஒரே ஒரு வாட் வெப்பம் டியூட்டிரிய இணைவால் வந்தால், நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் பறக்க வேண்டும். யூட்டாவில் பல வாட் வெப்பம் வந்ததாகச் சொன்னார்கள். அது உண்மையாக இருந்தால் அந்தக் கலத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கதிர்வீச்சில் பிழைத்திருக்க முடியாது. விறகு எரிந்தால் சாம்பல் இருக்க வேண்டும் அல்லவா, அந்தச் சாம்பல்தான் இங்கே இல்லை.

பான்ஸும் ஃப்ளைஷ்மானும் சொன்ன நியூட்ரான் எண்ணிக்கை, வெப்பத்துக்குத் தேவையானதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் வெப்பத்தின் பெரும்பகுதி இதுவரை அறியாத ஏதோ ஓர் அணுக்கரு வினையால் வருகிறது என்று தங்கள் கட்டுரையிலேயே எழுதினார்கள். அந்தச் சிறிய எண்ணிக்கைக்கும் ஆதாரம் நிற்கவில்லை. நியூட்ரான்களைச் சுற்றியுள்ள நீர் பிடிக்கும்போது வரவேண்டிய காமா கதிரை அளந்ததாக ஒரு வரைபடம் காட்டினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரிச்சர்ட் பெட்ராஸோ குழு அதைப் பார்த்து, அந்த உச்சியின் வடிவம் உண்மையான காமா கதிருக்கு இருக்க வேண்டிய வடிவமே இல்லை என்று காட்டியது.

7. சரி, நியூட்ரானை விடுங்க. வெப்பம் வந்தது பொய்யா?

பொய் என்று நான் சொல்லமாட்டேன். வெப்பத்தை அளப்பது கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் செய்வதற்குக் கடினம். யூட்டாவின் கலம் திறந்த கலம். மின்சாரத்தின் ஒரு பகுதி கனநீரைப் பிரிக்கச் செலவாகிறது, பிரிந்த வாயுக்கள் வெளியே போய்விடுகின்றன. எனவே அந்த ஆற்றலைக் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். ஆனால் அந்த வாயுக்களில் கொஞ்சம் கலத்துக்குள்ளேயே மறுபடி சேர்ந்து நீரானால், கழித்த ஆற்றல் வெப்பமாகத் திரும்ப வந்துவிடும். அது புதிதாகப் பிறந்த வெப்பம் போலத் தோன்றும். கலத்துக்குள் வெப்பநிலை எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாவிட்டால், வெப்பமானியை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். பால்டிமோரில் லூயிஸ் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. கனநீருக்குப் பதில் சாதாரண நீரை ஊற்றி அதே சோதனையைச் செய்தீர்களா என்று ஆரம்பத்திலேயே கேட்டார்கள். இணைவுதான் காரணம் என்றால் சாதாரண நீரில் வெப்பம் வரக்கூடாது. இதைவிட அடிப்படையான ஒப்பீடு கிடையாது. அந்தக் கேள்விக்கு அன்று தெளிவான பதில் வரவில்லை.

8. மத்த ஆய்வகங்கள் செஞ்சு பார்த்தாங்களா இல்ல, பார்க்காமலே ஒதுக்கிட்டாங்களா?

உலகமே செய்து பார்த்தது. அறிவிப்பு வந்த சில வாரங்களில் பல்லேடியம் விலையே ஏறியது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் நியூட்ரான் கண்டதாகச் சொல்லி, தங்கள் கருவி வெப்பத்தால் தவறாகக் காட்டியது என்று சில நாட்களில் திரும்பப் பெற்றது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் குழு ஒன்று கூடுதல் வெப்பம் கண்டதாக அறிவித்துப் பிறகு பின்வாங்கியது. பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகத்துக்கு ஃப்ளைஷ்மானே ஆலோசனை சொன்னார். அங்கே பல கலங்களில் மாதக்கணக்கில் தேடியும் எதுவும் கிடைக்காமல் ஜூனில் நிறுத்தினார்கள். கால்டெக்கிலும் எம்.ஐ.டி.யிலும் இல்லை என்றுதான் வந்தது.

அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த குழு 1989 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. இணைவுக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை, தனி ஆய்வு மையம் வேண்டாம், ஆனால் கவனமான சிறு சோதனைகளுக்கு உதவலாம் என்றது அது. 2004-ல் அதே துறை மறுபடி ஒரு மதிப்பாய்வு நடத்தியது. கூடுதல் வெப்பம் உண்டா இல்லையா என்பதில் மதிப்பாய்வாளர்கள் பிளவுபட்டார்கள். அணுக்கரு வினை என்று நிரூபணமாகவில்லை என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள்.

9. இந்தியாவுல யாரும் இதைத் தொடலையா?

தொட்டார்கள், உலகத்திலேயே வேகமாகத் தொட்டவர்களில் நாமும் ஒருவர். 1989-ல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர் திருநெல்வேலியில் பிறந்த பி. கே. ஐயங்கார். அவர் ஊக்கத்தில் அந்த மையத்தின் பல குழுக்கள் ஒரே நேரத்தில் இறங்கின. கனநீர் கையில் இருந்தது, நியூட்ரான் அளக்கும் அனுபவமும் இருந்தது. நியூட்ரான்களும் ட்ரிட்டியமும் கண்டதாக அறிவித்தார்கள். அந்தப் பணியில் முக்கியமானவர் மகாதேவ ஸ்ரீனிவாசன். 2011 பிப்ரவரியில் இத்துறையின் 16-ஆவது பன்னாட்டு மாநாடு சென்னையில் நடந்ததற்கும், 2015-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் தனிப் பகுதி ஒதுக்கியதற்கும் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது.

அவர்கள் கண்ட ட்ரிட்டியம் நியூட்ரானைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். 6-ஆம் பதிலில் சொன்ன கணக்குப்படி இரண்டும் ஏறக்குறையச் சமமாக வரவேண்டும். ஆதரிப்பவர்கள் இதைப் புதுவித வினைக்கு அடையாளம் என்றார்கள். மறுப்பவர்கள் கனநீரிலும் உலோகத்திலும் முன்பே ட்ரிட்டியம் இருந்திருக்கலாம் என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே இந்த வேலை நின்றுபோனது. அந்த விஞ்ஞானிகளின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேறு இடங்களில் அதே அளவில் திரும்பக் கிடைக்காத அளவீட்டை யார் செய்திருந்தாலும் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

10. எண்ணெய் கம்பெனிங்களும் பெரிய உலைக்காரங்களும் சேர்ந்து அமுக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

பணம் வராமல் தடுத்தார்கள் என்றால் கணக்கு உதைக்கிறது. யூட்டா மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கித் தேசியக் குளிர் இணைவு நிறுவனம் ஒன்றையே தொடங்கியது, அது 1991-ல் மூடப்பட்டது. அமெரிக்க மின்துறையின் ஆராய்ச்சி அமைப்பு எஸ்.ஆர்.ஐ.யில் மைக்கேல் மெக்குப்ரேவின் வேலைக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தது. டொயோட்டாவின் ஆதரவில் பான்ஸும் ஃப்ளைஷ்மானும் பிரான்ஸில் தனி ஆய்வகமே நடத்தினார்கள், அதுவும் 1998-ல் மூடியது. ஜப்பான் அரசும் ஐந்தாண்டு அளவில் ஒரு திட்டம் நடத்திவிட்டு 1997-ல் கைவிட்டது. எண்ணெயை இறக்குமதி செய்தே வாழும் நாடு ஜப்பான். கலம் வேலை செய்திருந்தால் அவர்கள் விட்டிருப்பார்களா?

இந்தப் பேச்சு ஏன் பரவியது என்பது எனக்குப் புரிகிறது. யூட்டா அறிவிப்புக்கு மறுநாள், மார்ச் 24 அன்று, அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டிக் கடல் முழுக்க எண்ணெய் கொட்டியது. அந்த நேரத்தில் தண்ணீரிலிருந்து தூய்மையான ஆற்றல் என்ற செய்தியை நம்ப எல்லோருக்கும் ஆசை இருந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1989-க்குப் பிறகு இந்தத் துறையில் வேலை செய்ய விரும்பிய இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கவில்லை, நல்ல இதழ்களில் இடமும் கிடைக்கவில்லை. அந்த ஏளனம் அநியாயம்தான். ஆனால் ஒருவரை ஏளனம் செய்தார்கள் என்பது அவர் சொன்னது சரி என்பதற்குச் சான்றாகாது.

11. ஹீலியம் கிடைச்சுதாமே? அதுதானே நீங்க கேட்ட சாம்பல்?

ஆதரவாளர்களின் வலுவான வாதம் இதுதான். அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வகத்தில் மெல்வின் மைல்ஸ், கூடுதல் வெப்பம் வந்த கலங்களில் ஹீலியம்-4-ம் கூடவே வந்ததாகத் தொண்ணூறுகளில் அறிவித்தார். அப்படியென்றால் 6-ஆம் பதிலில் சொன்ன மூன்றாவது, மிக அரிய பாதை மட்டும் உலோகத்துக்குள் நடக்கிறது, காமா கதிரின் ஆற்றல் வெளியே வராமல் உலோகத்துக்கே வெப்பமாகப் போய்விடுகிறது என்று சொல்ல வேண்டும். அது எப்படி நடக்கும் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இல்லை.

அளவைப் பாருங்கள். ஒரு வாட் வெப்பம் ஒரு நாள் முழுக்க இந்தப் பாதையில் வந்தால் உருவாகும் ஹீலியம் ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரணக் காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு ஹீலியம் இருக்கிறது. ஒரு டம்ளர் காற்றிலேயே அந்த அளவு ஹீலியம் இருக்கும். கண்ணாடிச் சுவர் வழியாகவும் ஹீலியம் கசியும். 1926-ல் பெர்லினில் பானெத், பீட்டர்ஸ் என்ற இருவர் பல்லேடியத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறியதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஹீலியம் கண்ணாடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தது என்று தாங்களே சொல்லித் திரும்பப் பெற்றார்கள். மைல்ஸுக்கும் இந்த ஆபத்து தெரியும், அதனால்தான் வாயுவைச் சேகரிக்க உலோகக் குடுவைகளுக்கு மாறினார். இருந்தாலும் சந்தேகம் தீரும் அளவுக்கு வெளியார் யாரும் அதை மறுபடி செய்து காட்டவில்லை.

12. அப்போ அறை வெப்பநிலையில இணைவே முடியாதா?

முடியும்! இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான மியுவான் என்ற துகள் இருக்கிறது. அது எலக்ட்ரானின் இடத்தில் உட்கார்ந்தால் மூலக்கூறு 200 மடங்கு அளவில் சுருங்கி, கருக்கள் தாமாகவே இணைந்துவிடும். இதை 1940-களின் இறுதியில் சார்லஸ் ஃபிராங்கும் ஆந்த்ரே சகாரோவும் முன்கூட்டிச் சொன்னார்கள். 1956-ல் பெர்க்லியில் லூயி அல்வாரெஸ் குழு நேரிலேயே கண்டது. நியூட்ரான் பற்றி எந்தச் சர்ச்சையும் இல்லை, எல்லா ஆய்வகங்களிலும் நடக்கிறது.

சிக்கல் ஆற்றல் கணக்கில். மியுவான் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு நேரம்தான் வாழும். அதற்குள் அதிகபட்சம் 150 இணைவுகள் அளவுக்கு நடத்தும். சிலசமயம் உருவான ஹீலியத்தோடு ஒட்டிக்கொண்டு வீணாகவும் போகும். ஒரு மியுவானை உருவாக்கச் செலவாகும் ஆற்றல் அந்த 150 இணைவுகள் தருவதைவிட அதிகம். 2005-ல் லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு வழி காட்டினார்கள். லித்தியம் டான்டலேட் படிகத்தை லேசாகச் சூடாக்கினால் அதில் பெரிய மின்புலம் உண்டாகும், அது டியூட்டிரியத்தை முடுக்கி மோதவிட்டு நியூட்ரான்களை உண்டாக்கியது. மின் கூண்டு ஒன்றுக்குள் டியூட்டிரியத்தை முடுக்கும் ஃபியூசர் என்ற கருவியைப் பள்ளி மாணவர்கள்கூடச் செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பிரித்துச் சொன்ன இரண்டு கேள்விகளில், இவை எல்லாவற்றிலும் முதல் கேள்விக்கு (இணைவு நடக்கிறதா?) விடை ‘ஆம்’. இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’.

13. குமிழி இணைவுன்னு ஒண்ணு கேள்விப்பட்டேனே?

ஒலியலையால் திரவத்தில் குமிழிகளை உண்டாக்கி, அவை சட்டென்று சுருங்கும்போது ஏற்படும் வெப்பத்தில் இணைவு நடக்கிறது என்று 2002-ல் ‘சயன்ஸ்’ இதழில் ருசி தலேயர்கான் குழு எழுதியது. மற்றவர்களால் திரும்பச் செய்ய முடியவில்லை. 2008-ல் பர்டியூ பல்கலைக்கழக விசாரணை அவர்மீது ஆய்வு முறைகேட்டை உறுதிசெய்தது. குமிழி சுருங்கும்போது உள்ளே கடும் வெப்பம் வருவது மட்டும் உண்மை.

14. இத்தாலிக்காரர் ஒருத்தர் மிஷினே வித்தாரே, அது என்ன ஆச்சு?

ஆண்ட்ரியா ரோஸி. 2011 ஜனவரியில் போலோன்யாவில் நிக்கலையும் ஹைட்ரஜனையும் வைத்து இயங்கும் ‘இ-கேட்’ கருவியைக் காட்டினார். இண்டஸ்ட்ரியல் ஹீட் என்ற அமெரிக்க நிறுவனம் அவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. பிறகு பணத் தகராறு வந்து 2016-ல் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2017-ல் சமரசம் ஆனது. அந்தக் கருவி சொன்னபடி வேலை செய்ததைத் தங்களால் காட்ட முடியவில்லை என்பதே நிறுவனத்தின் வாதம்.

பணம் போடச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கண்டுபிடித்தவர் கைப்படாத இடத்தில், வேறொருவரின் மின் மீட்டரோடும் வெப்ப அளவியோடும், சுவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு அது ஓடுகிறதா என்று பாருங்கள். ‘வணிக ரகசியம்’ என்று இதற்கு மறுத்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

15. கூகுளே இதுல இறங்கிருக்குன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?

கூகுள் 2015-ல் சுமார் 30 ஆராய்ச்சியாளர்களைச் சேர்த்து இதை அமைதியாகச் சோதித்துப் பார்த்தது. 2019-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது: குளிர் இணைவுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பல்லேடியத்தில் டியூட்டிரியத்தை மிக அதிகமாக ஏற்றுவதே எவ்வளவு கடினம் என்றும், வெப்பத்தை எப்படிக் கவனமாக அளப்பது என்றும் நிறையக் கற்றுக்கொண்டார்கள். ஆதரவாளர்கள் அந்த ஏற்றும் அளவு போதவில்லை என்கிறார்கள். எரிசக்தி ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கும் அமெரிக்க அரசின் அர்ப்பா-இ அமைப்பும் 2023-ல் இதைச் சோதிக்க எட்டுக் குழுக்களுக்கு மொத்தம் ஒரு கோடி டாலர் கொடுத்தது.

கூகுள் சேர்த்த குழுவில் இருந்த கர்டிஸ் பெர்லிங்கெட் கனடாவில் தொடர்ந்த வேலை 2025-ல் ‘நேச்சரில்’ வந்தது. பல்லேடியத்தின் ஒரு பக்கத்தில் டியூட்டிரிய அயனிகளை மோதவிட்டு, மறுபக்கத்திலிருந்து மின்வேதியியல் முறையில் மேலும் டியூட்டிரியத்தை ஏற்றினால் இணைவு சராசரியாக 15 சதவீதம் கூடுகிறது. நியூட்ரானை எண்ணியே காட்டியிருக்கிறார்கள். இது நேர்மையான, அழகான வேலை. ஆனால் அயனிகளை முடுக்கி மோதவிடுவதால் இது குளிர் இணைவு இல்லை. சில வாட் மின்சாரம் போட்டு ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில்தான் திரும்பக் கிடைக்கிறது. அந்தக் கட்டுரையைக் காட்டி ‘1989 சரியாகிவிட்டது’ என்று வரும் காணொளிகள் கட்டுரையைப் படிக்காதவர்கள் செய்தவை.

16. சுடு இணைவு மட்டும் என்ன கிழிச்சுட்டாங்க? எப்ப கேட்டாலும் இன்னும் முப்பது வருஷம்ங்கறாங்க.

நியாயமான கோபம். பொய் விடியல்கள் அங்கேயும் உண்டு. 1951-ல் அர்ஜென்டினாவின் அதிபர் பெரோன், ஹுவெமுல் தீவில் ரொனால்ட் ரிக்டர் இணைவைச் சாதித்துவிட்டதாக அறிவித்தார், அது ஒன்றுமில்லாமல் போனது. 1958 ஜனவரியில் ஹார்வெல்லின் ‘ஸீட்டா’ கருவி வெப்ப இணைவைக் கண்டதாகச் சொல்லி, அந்த நியூட்ரான்கள் வேறு காரணத்தால் வந்தவை என்று அதே மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. 8-ஆம் பதிலில் வந்த அதே ஹார்வெல்தான்.

வித்தியாசம் என்னவென்றால் அங்கே இணைவு நடக்கிறதா என்ற முதல் கேள்வி தீர்ந்துவிட்டது. பிரிட்டனின் ஜெட் உலை 2023-ல் ஐந்து நொடியில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்தது. 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைப் பாய்ச்சி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். ஆனால் அந்த லேசர்கள் மின்கட்டமைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். செய்தித் தலைப்புகள் இந்த எண்ணைச் சொல்லாததால் பலர் மின்சாரமே வந்துவிட்டதாக நினைத்தார்கள். இரண்டாவது கேள்வி இங்கேயும் தீரவில்லை. பிரான்ஸில் எழும் ஐடர் உலை 50 மெகாவாட் வெப்பம் கொடுத்து 500 மெகாவாட் எடுக்கத் திட்டமிடுகிறது. அதன் பிரம்மாண்டமான குளிர்நிலைக் கலத்தைக் குஜராத்தின் ஹசீராவில் செய்து அனுப்பியது இந்தியா. அதுவும் மின்சாரம் தயாரிக்காது, சோதனை உலை மட்டுமே.

17. டோகமாக் தவிர வேற வழிகள் இருக்குங்கறாங்களே, அதுவும் குளிர் இணைவு மாதிரிதானா?

இல்லை, இந்த இரண்டையும் கலக்காதீர்கள். டோகமாக் என்பது சூடான பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவை, வளைய வடிவக் காந்தப் புலத்தில் அடைத்து வைக்கும் உலை; ஜெட்டும் ஐடரும் அந்த வகை. ‘மாற்று வழிகள்’ என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் சூடான பிளாஸ்மாதான், அதைப் பிடித்து வைக்கும் விதம்தான் வேறு. ஸ்டெல்லரேட்டரில் காந்தச் சுருள்களையே முறுக்கி வைக்கிறார்கள். அர்ஜென்டினாச் செய்தியைக் கேட்டு யோசிக்க ஆரம்பித்துத்தான் லைமன் ஸ்பிட்ஸர் 1951-ல் அதை வடிவமைத்தார். ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் அந்த யோசனையின் இன்றைய வடிவம், 2023-ல் பிளாஸ்மாவை எட்டு நிமிடம் அணையாமல் தாங்கிப் பிடித்தது. காமன்வெல்த் ஃபியூஷன் புதிய மீகடத்திக் (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) காந்தங்களால் சிறிய டோகமாக் கட்டுகிறது. ஜெனரல் ஃபியூஷன் பிளாஸ்மாவைத் திரவ உலோகத்தால் அழுத்தப் பார்க்கிறது. ஹீலியான் நிறுவனம் டியூட்டிரியத்தையும் ஹீலியம்-3-ஐயும் எரித்து 2028-ல் மைக்ரோசாஃப்டுக்கு மின்சாரம் தருவதாக ஒப்பந்தமே போட்டிருக்கிறது. அந்தத் தேதியை நான் நம்பவில்லை. ஆனால் இவர்கள் யாரும் இயற்பியல் விதியை மீறச் சொல்லவில்லை.

18. போரான் போட்டா நியூட்ரானே வராதாமே? அப்ப அதையே பண்ணலாமே?

அமெரிக்காவின் டி.ஏ.இ. (TAE) என்ற தனியார் நிறுவனம் நாடுவது அதைத்தான். ஒரு புரோட்டானும் போரான்-11-ம் சேர்ந்து மூன்று ஹீலியம் கருக்களாகும். பக்க வினைகளால் கொஞ்சம் நியூட்ரான் வந்தாலும் மிகக் குறைவு. ஜப்பானின் பெரிய ஸ்டெல்லரேட்டர் வகைக் கருவியில் இந்த இணைவை முதல்முறையாகக் காந்தச் சிறைக்குள் அளந்ததாக 2023-ல் வெளியிட்டார்கள்.

விலை வெப்பநிலையில் இருக்கிறது. இதற்கு நூறு கோடி டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிர்களாக ஆற்றலைக் கொட்டிவிடும், இணைவு தருவதை அந்த இழப்பே ஏறக்குறைய விழுங்கிவிடும். 1995-ல் எம்.ஐ.டி.யில் டாட் ரைடர் செய்த ஆய்வு இந்தத் தடையைத் தெளிவாகக் காட்டியது. இன்றுவரை யாரும் அதை வசதியாகத் தாண்டவில்லை.

19. விளக்கம் இல்லைங்கறதுக்காக ஒதுக்கலாமா? எத்தனையோ கண்டுபிடிப்பு விளக்கம் இல்லாமத்தானே வந்துச்சு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விளக்கம் இல்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தால் ஒதுக்கக்கூடாதுதான். 1986-ல் சூரிக்கில் பெட்நோர்ஸும் முல்லரும் ஒரு பீங்கான் வகைப் பொருள் எதிர்பாராத வெப்பநிலையில் மீகடத்தியாவதைக் கண்டார்கள். அன்றைய கோட்பாட்டில் அதற்கு இடம் இல்லை. இன்றும் முழு விளக்கம் இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது. ஏனென்றால் சில மாதங்களுக்குள் உலகின் பல ஆய்வகங்களில் அதே பொருளைச் செய்து அதே விளைவைப் பார்த்தார்கள். 1987 தொடக்கத்தில் வேறு ஒரு கலவையில் அந்த வெப்பநிலையை 90 கெல்வினுக்கு மேலேயே கொண்டுபோய்விட்டார்கள். சோதனை ஒவ்வொரு தடவையும் பலன் கொடுத்தது, முயன்றவர்கள் கையில் விளைவு பெருகியது.

குளிர் இணைவில் நடந்தது மறுபக்கம். அளவீடு துல்லியமாக ஆக ஆக விளைவு சுருங்கியது. சில கலங்களில் வருகிறது, பலவற்றில் வருவதில்லை, ஏன் என்று சொல்ல முடிவதில்லை. என்னைப் பொறுத்தவரை கதவை மூடவில்லை. மூடிய கலத்தில் வெப்பமும் ஹீலியமும் சேர்ந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆய்வகங்களில், கேட்கும்போதெல்லாம் ஒரே விகிதத்தில் வரட்டும். சாதாரண நீரை ஊற்றினால் இரண்டும் நிற்கட்டும். அன்றைக்கே ஏற்றுக்கொள்வேன், கோட்பாடு அப்புறம் வரட்டும்.